பாய் விரித்தவர்கள்

இலக்கியக் கூட்டத்திற்கு அழைப்பிதழ் அச்சிடும்போது தலைவர் பெயர் முதலில் வரும். சிறப்புரை ஆற்றுவோர் பெயர் கொட்டை எழுத்தில் வரும். வரவேற்புரையும் நன்றியுரையும் சொல்வோர்க்குக்கூட ஒரு மூலையில் இடம் கிடைத்துவிடும். ஆனால், மண்டபத்துச் சாவியை யார் வீட்டில் வாங்குவது, பாயை எவரிடம் இரவல் கேட்பது, தேநீருக்கு எந்தக் கடையில் சொல்லி வைப்பது, மழை வந்தால் வாசகர்களை எங்கே அமர்த்துவது என்று ஒரு வாரமாக அலைந்த மனிதரின் பெயரை எந்த அழைப்பிதழிலும் நாம் கண்டதில்லை. கூட்டம் முடிந்ததும் பேச்சாளரைச் சூழ்ந்து நின்று பாராட்டுகிறோம். அவ்வேளையில் அந்த மனிதர் பின்பக்கத்தில் நின்று பாயைச் சுருட்டிக் கொண்டிருப்பார்.

அன்பார்ந்த வாசகர்களே, இம்மாதம் அத்தகையவர்களைப் பற்றிச் சற்றே சிந்திப்போம். ஒருவர் தனியே அமர்ந்து நூல் படிப்பது நன்று. அதே நூலை ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பது வேறொரு வகையில் நன்று. அங்கே எழுத்தறியாதவரும் வாசகராகிறார். கண் மங்கிய முதியவரும் கதை கேட்கிறார். கேட்டபின் ஆளுக்கொரு கருத்தைச் சொல்லும்போது ஓர் ஊரே தன்னைத் தானே அறிந்து கொள்கிறது. ஆனால், இத்தகைய கூட்டம் தானாகக் கூடுவதில்லை. அதைக் கூட்டுவதற்கும், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் மறவாமல் கூட்டுவதற்கும் யாரேனும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாத ஊரில் எத்தனை கவிஞர் இருந்தும் பயனில்லை.

நாம் வாழும் இம்மலைச்சரிவையே எடுத்துக் கொள்வோம். போடிநாயக்கனூரை விட்டுப் புறப்பட்டுப் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும் சாலையில், பொழுது விடியுமுன்னரே ஜீப்புகள் ஏறத் தொடங்குகின்றன. அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து செல்வோர் ஏலத்தோட்டத் தொழிலாளர். அவர்களுள் பெண்களே மிகுதி. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் பகலெல்லாம் குனிந்து காய் எடுத்து, அந்தி மயங்கும் நேரத்தில் மீண்டும் மலை இறங்குகிறார்கள். ஆடி, ஆவணியில் தொடங்கும் எடுப்பு தை, மாசி வரையில் நீள்கிறது. வீட்டுக்கு வந்து உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறிட்டு, மறுநாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்தால் இரவு முடிந்துவிடும். இவர்களுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்போரும் உளர். அக்கேள்வியில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது என்பதை அவர்கள் உணர்வதில்லை.

எழுதுவோருக்கு இப்பகுதியில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. கவிஞர் நா. காமராசன் போடியை அடுத்த மீனாட்சிபுரத்தில் பிறந்தவர். மு. மேத்தா பெரியகுளத்தவர். வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். ம. காமுத்துரையும் தேனி சீருடையானும் இம்மாவட்டத்து உழைக்கும் மக்களின் வாழ்வைக் கதைகளாக்கியவர்கள். அவர்கள் எழுதியவற்றை, எவருடைய வாழ்வை எழுதினார்களோ அவர்களிடமே கொண்டு சேர்ப்பவர் யார்? இதுவே நம் கேள்வி.

விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில், இடமலைக்குடி என்னும் பழங்குடிப் பகுதி இருக்கிறது. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அது அமைக்கப்பட்டது. அங்கு வாழ்வோர் முதுவர். மதுரையை விட்டு வெளியேறிய தங்கள் முன்னோர், பிள்ளைகளையும் தெய்வத் திருவுருவையும் முதுகில் சுமந்து மலையேறியதால் இப்பெயர் பெற்றனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் கதை. அவ்வாறு வந்தவர்களில் ஒரு பிரிவினர் போடி மலை வழியாக ஏறினர் என்றும் சொல்வார்கள். அவர்கள் பேச்சில் இன்றும் தமிழ் மணக்கிறது. எனவே அவர்கள் நமக்கு அயலார் அல்லர்.

அங்கே இருப்புக்கல்லுக்குடி என்னும் சிற்றூரில் பி.வி. சின்னத்தம்பி என்பவர் ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தார். மண் சுவர்க் கடை. தேநீரோடு பிஸ்கோத்தும் தீப்பெட்டியும் பலசரக்கும் விற்பார். பெட்டிமுடியிலிருந்து காட்டு வழியே பல மணி நேரம் நடந்தால்தான் அந்தக் கடையை அடைய முடிந்தது. அதே கடையில், 2010-ஆம் ஆண்டு முதல் ஒரு நூலகமும் இயங்கியது. பழங்குடிக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுவதற்காக அம்மலையிலேயே தங்கி உழைத்த முரளி மாஷ் என்னும் ஆசிரியரும் சின்னத்தம்பியும் சேர்ந்து தொடங்கியது அது. நூல்கள் 160. அவற்றை வைக்க அலமாரி கிடையாது. இரண்டு சாக்குகளே அலமாரி. யாரேனும் வந்து கேட்டால் சின்னத்தம்பி சாக்கை அவிழ்த்துப் பாய்மீது நூல்களைப் பரப்புவார்.

அந்நூல்கள் யாவை? பொழுதுபோக்கு மர்மக் கதைகளா? இல்லை. வைக்கம் முகம்மது பஷீரும் எம்.டி. வாசுதேவன் நாயரும் லலிதாம்பிகா அந்தர்ஜனமும் எழுதிய நூல்கள், காந்தியடிகளின் நூல், இவற்றோடு மலையாளத்தில் பெயர்க்கப்பட்ட நம் சிலப்பதிகாரம். உறுப்பினராக ஒரு முறை 25 ரூபாய். மாதந்தோறும் 2 ரூபாய். எவர் எந்நூலை எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்பதைச் சின்னத்தம்பி ஒரு குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தார். 2013-ஆம் ஆண்டில் 37 முறை நூல்கள் வெளியே சென்று வந்திருக்கின்றன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டு வழியே நடந்து சென்று கண்டு எழுதியதனால்தான் இச்செய்தி வெளியுலகில் பலரையும் எட்டியது. அப்போது சின்னத்தம்பிக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

முப்பத்தேழு என்பது சிறிய எண் என்று சிலர் எண்ணலாம். நகரத்துப் பெரிய நூலகத்தில் அரை நாளில் அதைவிட அதிகமான நூல்கள் வெளியே போகும். ஆனால், யானை நடமாடும் காட்டு வழியில் வந்து, பகலெல்லாம் உழைத்த கையோடு ஒரு காப்பியத்தை வாங்கிச் சென்று, படித்து, பழுதின்றித் திருப்பித் தந்த முப்பத்தேழு முறைகளை எந்தத் தராசில் நிறுப்பது? இன்னொன்றையும் கருத வேண்டும். அந்தக் குறிப்பேடு இல்லையேல் நமக்கு இந்த எண்ணே கிடைத்திராது. தேநீர் ஆற்றிய கையாலேயே ஒருவர் அதை எழுதி வைத்தார். பாய் விரிப்பவரின் தொண்டு என்று நாம் சொல்வது இதைத்தான்.

சிலப்பதிகாரம் அந்தச் சாக்கில் இருந்ததை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. அக்காப்பியம் பிறந்த கதை யாவரும் அறிந்ததே. சேரன் செங்குட்டுவன் மலைவளம் காணப் புறப்பட்டுப் பேரியாற்றங்கரை மணலில் தங்கியிருந்தபோது, மலைவாழ் குறவர் காணிக்கைகளோடு வந்து அவனைக் கண்டனர். அவர்கள் சுமந்து வந்த பொருள்களின் பட்டியலில் ஏலமும் இருக்கிறது! அவர்கள்தாம், ஒரு மார்பை இழந்த பெண்ணொருத்தி வேங்கை மர நிழலில் நின்று விண்ணகம் சென்றதைத் தாங்கள் கண்டதாகச் சொன்னார்கள். உடனிருந்த புலவர் சாத்தனார் அப்பெண்ணின் வரலாற்றை விரித்துரைத்தார். இளங்கோவடிகள் அதைக் காப்பியமாக்கினார். கூடலூருக்கு மேலே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலை முகட்டில் உள்ள கண்ணகி கோட்டத்திற்குச் சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநிலத்தவரும் இன்றும் ஏறிச் செல்கிறார்கள்.

இதன் பொருள் என்ன? மலைமக்கள் சொன்ன செய்தியை அரசனும் புலவனும் துறவியும் காது கொடுத்துக் கேட்டதனால் ஒரு காப்பியம் பிறந்தது. சொல்வோரும் கேட்போரும் கூடியிருந்த அந்த ஆற்றங்கரை மணலையே நம் மலைநாட்டின் முதல் இலக்கிய அரங்கம் எனலாம். நூற்றாண்டுகள் கழிந்தபின் அக்கதை, நூலாகி, மொழி மாறி, ஒரு சாக்கில் ஏறி, மீண்டும் மலைமக்களிடம் வந்து சேர்ந்தது. மலைமேல் வாழ்வோர்க்கு இலக்கியம் எதற்கு என்று கேட்போர் இதை நினைத்துப் பார்ப்பார்களாக. இலக்கியம் அவர்களுக்கு எவரும் இடும் பிச்சையன்று. அவர்கள் கொடுத்ததைத் திருப்பிச் செலுத்தும் கடனே.

சின்னத்தம்பி தனி மனிதர் அல்லர். அவருக்கு முன்னோடிகள் உண்டு. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர், 1931-இல் ஒரு மாட்டு வண்டியையே நூலகமாக அமைத்துச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பி வைத்தார். நூலகத் தந்தை எஸ்.ஆர். இரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். மக்கள் நூலைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், நூல் மக்களைத் தேடிப் போகட்டும் என்று எண்ணிய நெஞ்சம் அது.

நெல்லை வண்ணார்பேட்டையில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் வீட்டையே அரங்கமாக்கினார். 1920-களில் அவ்வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை கேட்டனர். அதனால் அக்கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் நிலைத்தது. ஒரு பாட்டை நிறுத்தி நிதானமாக, ஒன்றுக்கு இரண்டு முறை வாசித்து, அதன் சுவையை அவர் எடுத்துக் காட்டுவார். கேட்டவர்கள் அதுவரை தாங்கள் அறிந்திருந்த பாட்டையே புதிதாய்க் கண்டதுபோல் வியந்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்து வைப்பதும் ஒரு தொண்டுதான் என்பதை அவரிடம் கற்கலாம்.

அவர் தலைமையில் 1939-இல் காரைக்குடியில் முதல் கம்பன் விழா நடைபெற்றது. அதை நடத்தியவர் விடுதலைப் போராட்ட வீரரான சா. கணேசன். கம்பன் அடிப்பொடி என்று தமக்குத் தாமே பெயரிட்டுக் கொண்டவர். தமிழகத்தின் பெரும் பேச்சாளர் யாவரும் அவ்விழா மேடையில் ஏறினர். அவரோ மேடையைக் காக்கும் காவலராகவே நின்றார். குறித்த மணிக்குத் தொடங்குவதும் குறித்த மணிக்கு முடிப்பதும் அவரது விரதம். எத்துணைப் பெரிய பேச்சாளராயினும் அவர் வைத்த நேரத்துக்குள் அடங்கியே பேச வேண்டும். கேட்க வருவோரின் நேரத்தையும் மதிக்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கினாலேயே, 1982-இல் அவர் மறைந்த பிறகும் விழா தொடர்கிறது.

சென்னையில் 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பினர் வேறொரு வழியைக் கண்டனர். அந்தந்த மாதத்து இதழ்களில் வரும் சிறுகதைகளைத் தேடிப் படித்து, அவற்றுள் சிறந்த ஒன்றைத் தெரிவு செய்து, மாதக் கூட்டத்தில் அதற்கான காரணத்தையும் சொன்னார்கள். படித்துத் தெரிவு செய்யும் பணியை ஒரே மனிதர் சுமக்கவில்லை. மாதந்தோறும் வேறொருவர் ஏற்றார். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளும் ஒரு தொகுப்பாயின. பெயர் அறியப்படாத எத்தனையோ இளம் எழுத்தாளர்களுக்கு அந்தத் தெரிவு ஊக்கமளித்தது. 1977-இல் வேடந்தாங்கல் பகுதியில் இனியவன் தொடங்கிய இலக்கிய வீதியோ, பெருநகரத்துக்கு வெளியிலும் இத்தகைய முயற்சி வேரூன்றும் என்பதைக் காட்டியது.

இவர்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால், ஒருவர் வண்டி தந்தார். ஒருவர் வீடு தந்தார். ஒருவர் நேர ஒழுங்கு தந்தார். சிலர் தங்கள் கண்களையும் படிக்கும் பொழுதையும் தந்தார்கள். ஒருவர் இரண்டு சாக்கும் ஒரு குறிப்பேடும் தந்தார். இவற்றில் எதற்கும் பெருஞ்செல்வம் தேவைப்படவில்லை. விடாப்பிடி ஒன்றே தேவைப்பட்டது.

ஆயினும், இத்தொண்டில் உள்ள வேதனையை மறைப்பது முறையன்று. ஐம்பது பேரை எதிர்பார்த்து அழைத்த கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள். பேச ஒப்புக்கொண்டவர் கடைசி நாளில் வர இயலாதென்று சொல்லி அனுப்புவார். கணக்குப் பார்த்தால் கைப்பணம் கரைந்திருக்கும். ‘இவனுக்கு வேறு வேலையில்லை’ என்று உறவினர் முணுமுணுப்பார்கள். ‘தன் பெயருக்காகச் செய்கிறான்’ என்று ஊரார் சொல்வார்கள். இவையெல்லாம் ஒரு கூட்டத்தோடு தீர்வதில்லை, மாதந்தோறும் தொடரும்.

மற்றொரு செய்தியும் உண்டு. அதை ஆண்களாகிய வாசகர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். வீட்டில் நடக்கும் இலக்கியக் கூட்டத்தில் முற்றம் பெருக்கியவர் யார்? காப்பி போட்டவர் யார்? வந்தவர்கள் எழுந்து சென்றபின் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தவர் யார்? உள்ளே கவிதை சுவைக்கப்படும் நேரத்தில் அடுக்களையில் புகையோடு போராடிய பெண்ணுக்கு அக்கவிதையில் ஓரடியேனும் கேட்டிருக்குமா? பாய் விரித்தவர்களைப் பற்றிப் பேசும் நாம், விரித்த பாயில் அமர இடமே பெறாதவர்களை மறந்துவிடக் கூடாது. வாசிப்புக் கூட்டம் நடத்தும் வீட்டார் எவரேனும் இதைப் படிப்பாராயின், அடுத்த முறை காப்பியைக் கடையிலிருந்து வருவித்து, அம்மையாரை முன்வரிசையில் அமர்த்துவாராக.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒருவரை நம்பியே நடக்கும் கூட்டம் அவர் நோயுற்றால் படுத்துவிடும். அவர் ஊர் மாறினால் தானும் போய்விடும். அவர் கண் மூடினால் பாயும் சுருட்டப்பட்டுவிடும். அவர் செய்த வேலையை வேறெவரும் கற்றுக் கொள்ளாததே காரணம். அவரும் பிறருக்குக் கற்றுத் தரவில்லை. அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் தாமே சுமந்தார். பிறரும் அவர் சுமக்கிறாரே என்று நிம்மதியாக இருந்துவிட்டனர். இதில் இரு தரப்பாருக்கும் பங்குண்டு. காரைக்குடியில் விழா நிலைத்ததற்கும் சென்னையில் மாதக் கூட்டம் பல்லாண்டு தொடர்ந்ததற்கும் காரணம், வேலை ஒரு மனிதரின் பழக்கமாக நின்றுவிடாமல் பலர் அறிந்த முறையாக ஆனதே.

இனி, நம் மலைச்சரிவுக்கு வருவோம். இங்கே ஒரு வாசிப்பு வட்டம் அமைக்க என்ன வேண்டும்? மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். விடுமுறை நாள் மாலையில் ஒரு மணி நேரம் போதும். பத்துப் பேர் போதும். பள்ளித் திண்ணையோ, பங்கு மன்றமோ, தேநீர்க்கடையின் பின்கட்டோ, எவர் வீட்டு முற்றமோ இடமாகலாம். ஒரு சிறுகதையை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். நன்றாக வாசிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இன்னும் சிறப்பு. தன் மகளின் குரலில் கதை கேட்கும் தாய்க்கு அக்கதை மறக்குமா? வாசித்து முடிந்தபின், அக்கதையில் வரும் மனிதரைப் போல் நம்மூரில் எவரேனும் உண்டா என்று மட்டும் கேளுங்கள். பேச்சு தானே பெருகும்.

மூன்று செய்திகளை மட்டும் தொடக்கத்திலேயே உறுதி செய்து கொள்ள வேண்டும். முதலாவது, பொறுப்பு மூவரிடம் இருக்கட்டும்; அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை ஒருவர் விலகிப் புதியவர் ஒருவர் சேரட்டும். இரண்டாவது, ஒரு குறிப்பேடு வேண்டும். எந்நாளில் எக்கதை வாசிக்கப்பட்டது, எத்தனை பேர் வந்தனர், யார் என்ன சொன்னார் என்று இரண்டு வரியேனும் எழுதி வையுங்கள். மூன்றாவது, தேநீர்ச் செலவை ஒருவர் தலையில் ஏற்றாமல் உண்டியலில் ஆளுக்குச் சில காசு போடுங்கள். சிறிதாயினும் தம் பங்கைக் கொடுத்தவர் அக்கூட்டத்தைத் தம்முடையதாக எண்ணுவார்.

கைப்பேசியில் கதையும் பாட்டும் கொட்டிக் கிடக்கும் இந்நாளில் இதெல்லாம் நடக்குமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். கைப்பேசியில் வரும் கதையைக் கேட்டபின் எதிரே அமர்ந்து நம் முகம் பார்ப்பவர் எவரும் இல்லை. ஜீப்பில் தோளோடு தோள் உரச ஆண்டுக்கணக்காகச் செல்லும் இரு பெண்கள், ஒருவர் நெஞ்சில் இருப்பதை மற்றவர் அறியாமலே வாழ்ந்துவிடக் கூடும். ஒரு கதையைக் கேட்டு இருவரும் ஒரே இடத்தில் கண் கலங்கினால், அன்று முதல் அவர்கள் தோழியர்.

ஏலச்செடியை அறிந்த நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கொத்தில் இருக்கும் காய்களும் ஒரே நாளில் முதிர்வதில்லை. முதிர்ந்ததை எடுத்துவிட்டு, மற்றதை விட்டு வைத்து, மாதம் கழித்து அதே செடிக்கு மீண்டும் வருகிறோம். இன்று மூவர் வந்தால் மூவருக்கு வாசியுங்கள். மீண்டும் வாருங்கள். அடுத்த எடுப்பில் இன்னும் சிலர் முதிர்ந்திருப்பார்கள்.

வாசகர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் மாதந்தோறும் யாரேனும் இப்படியொரு கூட்டத்தை நடத்தி வருவாராயின், அடுத்த முறை அரை மணி நேரம் முன்னதாகவே செல்லுங்கள். அவர் தனியாகப் பாயை உதறிக் கொண்டிருப்பார். மறுமுனையைப் பிடித்துக் கொள்ளுங்கள்.